கணக்கு எழுதுகிற ஒருவர் தானாகவே புரோகிராமிங் கற்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பள்ளத்தூர்க்காரர், பி.காம். படித்தவர், ஆத்தங்குடிப் பக்கம் தரையில் பதிக்கிற கல் (டைல்ஸ்) செய்கிற ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறார். டாலியும் எக்செலும் தெரியும், புரோகிராமிங் ஒரு வரிகூடத் தெரியாது. காரைக்குடியில் கோர்ஸ் விசாரித்தால் பெரிய தொகையாகச் சொல்கிறார்களாம். தானாகவே கற்க முடியுமா, எந்த மொழியில் தொடங்குவது, இங்கிலீஷ் சுமார்தான், அது போதுமா, ஏ.ஐ. எல்லாவற்றையும் எழுதித் தரும்போது இனி இதைக் கற்று என்ன பயன் என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறார்.

முடியும். நான் பல வருடமாகப் புரோகிராம் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் தாங்களாகவே கற்றுக்கொள்கிற பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து பேசுகிற பழக்கமும் உண்டு. இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுகிறவர்களையும் விடாமல் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குள் உள்ள வித்தியாசம் மூளையும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, லேப்டாப்பும் இல்லை. விட்டவர்களில் பெரும்பாலோர் யூடியூபில் யாரோ செய்வதைப் பார்த்து அப்படியே அடித்துக்கொண்டிருந்தார்கள், ஓடுகிற வரை சந்தோஷம், வீடியோவை மூடிவிட்டு ஒரு காலிப் பக்கத்தைத் திறந்தால் கை ஓடாது. நிலைத்தவர்களிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது, அதற்கு என்ன விடை வர வேண்டும் என்றும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் இதைச் சொல்வதில்லை. வகுப்பில் படித்தால் நீங்கள் எழுதியது சரியா தப்பா என்று வாத்தியார் சொல்வார். தனியாகப் படித்தால் யார் சொல்வது? கம்ப்யூட்டர் சொல்லும் என்று நினைப்பீர்கள், ஆனால் அது இலக்கணப் பிழையைத்தான் சொல்லும். அடைப்புக்குறியை மூடவில்லை, பெயரை மாற்றி எழுதிவிட்டீர்கள் என்ற அளவுக்கு. இலக்கணம் சரியாக இருந்து கணக்கு தப்பாக இருந்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தப்பான விடையைத் திரையில் போட்டுவிட்டுப் போகும். அதனால் தனியாகக் கற்கிறவர் முதல் சில மாதத்துக்கு, விடையைக் கையால் போட்டுச் சரிபார்க்க முடிகிற கணக்குகளை மட்டும்தான் எடுக்க வேண்டும். கணக்கு எழுதுகிற உங்களுக்கு அப்படிப்பட்ட கணக்குகள் நோட்டு நோட்டாக இருக்கின்றன. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து வருகிற பல பிள்ளைகளுக்கு இல்லாத வசதி இது, நிஜமாகவே சொல்கிறேன்.

மொழி விஷயத்தில் அதிகம் யோசிக்காதீர்கள். பைத்தான் எடுங்கள். கைடோ வான் ராசம் என்ற நெதர்லாந்துக்காரர் 1991ல் வெளியிட்டது, இலவசம், பைத்தான் தளத்திலிருந்து இறக்கினால் எழுதிப் பார்க்க ஐடில் என்ற சின்னச் செயலியும் கூடவே வரும். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையில் பாத் என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தால் அதை டிக் செய்துவிடுங்கள், பின்னால் வருகிற பாதித் தொல்லை போய்விடும். பழைய வீடியோக்களில் பைத்தான் 2 ஓடிக்கொண்டிருக்கும், அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அவற்றைத் தொட வேண்டாம். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அது பழையது என்று தெரிந்துகொள்ளலாம். நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் தாராளமாகப் போதும். அதுவும் கையில் இல்லாத நேரத்தில் ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு இருக்கிறது, ஆனால் போனில் அடித்துக் கற்பது கைக்கு அலுப்பு, பஸ்ஸில் படித்துப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் பயம் வேண்டாம். பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தம் 35தான், அதிலும் முதல் இரண்டு மாதத்துக்குப் பதினைந்துகூட வராது. நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், பைத்தான் 3ல் நீங்கள் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஐடிலைத் திறந்தால் வருகிற >>> குறிக்குப் பின்னால் கீழே உள்ள நான்கு வரியை ஒவ்வொன்றாக அப்படியே அடித்தால் ஓடும்:

அசல் = 50000
வீதம் = 2
மாதம் = 7
வட்டி = அசல் * வீதம் * மாதம் / 100

அடுத்த வரியில் வட்டி என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் 7000.0 என்று வரும். நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு ஐம்பதாயிரம், ஏழு மாதம், ஏழாயிரம் ரூபாய். மனக்கணக்காகவே போட்டுவிடுவீர்கள், அதனால்தான் இதை முதல் கணக்காக எடுக்கச் சொல்கிறேன். வேலைக்குப் போகும்போது பெயர்களை இங்கிலீஷில் வைக்கப் பழக வேண்டும், கூட வேலை செய்கிறவர்கள் வேறு மாநிலத்தவராக இருப்பார்கள். முதல் மாதத்தில் மூளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாரம் வேண்டாம் என்பதற்காகத் தமிழ்ப் பெயர் நல்லது. முழுக்கத் தமிழ்ச் சொற்களிலேயே எழுதுவதற்கு எழில் என்று ஒரு மொழியும் இருக்கிறது, முத்து அண்ணாமலை உருவாக்கியது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அருமையானது. நீங்கள் வேலைக்காகக் கற்பதால் பைத்தானிலேயே இருங்கள்.

இப்போது அந்த நான்கு வரியோடு கொஞ்சம் மல்லுக்கட்டுங்கள். 7000 என்று வராமல் 7000.0 என்று ஏன் வந்தது? பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் மீதியே இல்லாவிட்டாலும் விடை தசம எண்ணாகத்தான் வரும், இரட்டைச் சாய்கோடு போட்டால் முழு எண் மட்டும் வரும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடித்து ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் ஓட்டுங்கள். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

அடுத்து, அசலை நீங்களே எழுதி வைக்காமல் கேட்டு வாங்கும்படி மாற்றுங்கள், அதற்கு இன்புட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இங்கே எல்லோரும் ஒரு தடவை விழுவார்கள். 50000 என்று அடித்து, வந்ததை இரண்டால் பெருக்கினால் ஒரு லட்சம் வராது, 5000050000 என்று வரும், ஐந்நூறு கோடிக்கு மேலே. காரணம், இன்புட் வாங்கித் தருவது எண் இல்லை, எழுத்து. எழுத்தை இரண்டால் பெருக்கினால் பைத்தான் அதை இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதும். எண்ணாக மாற்று என்று நாம் சொல்ல வேண்டும். ஒரு மதிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் புரோகிராமிங்கில் முதல் பெரிய பாடம், அதை வட்டிக் கணக்கில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அப்புறம் மாதக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்குப் போங்கள். 2023 ஜனவரி 15ஆம் தேதி வாங்கிய கடனை மார்ச் 10ஆம் தேதி அடைத்தால் எத்தனை நாள்? மாதத்துக்கு முப்பது நாள் என்று வைத்துக் கணக்குப் போடுகிறவர் 55 என்பார். பைத்தானில் தேதிகளைக் கழித்துப் பார்த்தால் 54 வரும், அந்த வருடம் பிப்ரவரிக்கு 28 நாள் என்று அதற்குத் தெரியும். ஐம்பதாயிரத்துக்கு இதே வட்டியில் ஒன்று 1833 ரூபாய் 33 காசு, இன்னொன்று 1800. இரண்டில் எது சரி? அதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. கொடுத்தவரும் வாங்கியவரும் எந்த வழக்கத்தை ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. புரோகிராம் எழுதுகிறவரின் வேலை அந்தக் கேள்வியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எழுதுவது.

காசு என்று வந்ததால் ஒரு விஷயம். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பைத்தானின் குறை இல்லை இது. பத்தில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டர் எழுதுவது போல 0, 1 இரண்டை மட்டும் வைத்து (இரண்டின் அடிமானத்தில்) எழுதினால் முடிவே வராது, நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதிக்கொண்டே போவது போலத்தான், எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். 1991 பிப்ரவரி 25ஆம் தேதி சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இதே காரணத்தால் தவறியது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணிக்கொண்டிருந்தது, நிறுத்தாமல் சுமார் நூறு மணி நேரம் ஓடியதில் வெட்டுப்பட்ட துளிகள் சேர்ந்து 0.34 வினாடி அளவுக்குப் பிசகிவிட்டது, வந்த ஏவுகணையைத் தடுக்க முடியவில்லை, 28 படைவீரர்கள் இறந்தார்கள். நம் கணக்கில் உயிர் போகாது, ஆனால் ஆயிரம் பில் கூட்டும்போது காசு இடிக்கும். பணத்தைக் காசாக மாற்றி முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது ஒரு வழி, டெசிமல் என்ற கருவியைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. தசமத்தை முழு எண்ணாக்குவதிலும் கவனம் வேண்டும். பைத்தானின் ரவுண்ட் 2.5ஐ 3 ஆக்காது, 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும், அரை வந்தால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் போவது அதன் விதி. ஜிஎஸ்டி பில் போடுகிற உங்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வட்டி முடிந்ததும் உங்கள் பட்டறைக் கணக்குக்கே வாருங்கள், அதுதான் உண்மையான பாடம். ஒரு வீட்டுப் பட்டாலைக்கு, அதாவது கூடத்துக்கு, கல் எத்தனை வேண்டும்? நீளம் 15 அடி 4 அங்குலம், அகலம் 12 அடி, பத்து அங்குலக் கல் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்தில் 184க்கு 144. பரப்பைப் பெருக்கி நூறால் வகுத்தால் 264.96, அதாவது 265 கல். வரிசை வரிசையாக எண்ணினால் நீளவாக்கில் 18.4 என்பதால் 19, அகலவாக்கில் 14.4 என்பதால் 15, பெருக்கினால் 285. இருபது கல் வித்தியாசம். சரி, வெட்டிய துண்டை வீணாக்காமல் மறு ஓரத்துக்குப் போட்டால்? முழுக் கல் 18 பெருக்கல் 14, 252. ஓரங்களுக்கு நான்கு அங்குல அகலத்தில் ஒரு பக்கம் 14 துண்டு, மறு பக்கம் 18 துண்டு, ஆக 32. ஒரு கல்லில் அப்படி இரண்டு துண்டு எடுக்கலாம், அதனால் 16 கல். மூலைக்கு ஒரு சின்னத் துண்டு, அதற்கு ஒரு கல். மொத்தம் 269.

265, 269, 285. மூன்றும் கணக்காகச் சரி, மூன்றுக்கும் பைத்தானில் பத்து வரிக்குள் எழுதிவிடலாம். எதைச் சொல்வது? ஒரே நிறக் கல் என்றால் 269 கிட்டத்தட்டப் போதும், உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ வருகிற டிசைன் என்றால் கதையே வேறு. துண்டு எந்தப் பக்கத்திலிருந்து வெட்டியது என்று பார்க்க வேண்டும், அதே கல்லின் இன்னொரு பக்கத் துண்டு அடுத்த இடத்தில் பொருந்தாது, அப்போது 285க்குத்தான் வருவீர்கள். சுற்றிலும் பார்டர் கல் என்றால் அதை முதலில் கழித்துவிட்டு உள்ளே உள்ளதைப் புதிதாகப் போட வேண்டும். இதெல்லாம் எந்தப் பைத்தான் வகுப்பிலும் கிடையாது, பட்டறையில் அச்சுப் போடுகிறவருக்கும் பதிக்கிற கொத்தனாருக்கும் தெரியும், அவர்களிடம் கேட்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கேட்டதை விதியாக எழுதுங்கள், டிசைன் இப்படி இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று. பைத்தானின் இஃப், எல்ஸ் இரண்டும் அங்கேயே வந்துவிடும். பல அறைகளுக்குச் சேர்த்துப் போட வேண்டும் என்கிறபோது லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, வரும். முகப்புக்கு ஒரு தடவை, வளவுக்கு ஒரு தடவை, இரண்டாங்கட்டுக்கு ஒரு தடவை என்று அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத அலுப்பாக இருக்கும்போது ஃபங்ஷன், அதாவது ஒரு தடவை எழுதிப் பெயர் வைத்துவிட்டு வேண்டும்போது கூப்பிடுவது, வரும். தேவை வந்த பிறகு கற்றால் அது ஏன் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே பழகிவிடுங்கள். பேரேட்டில் பற்றும் வரவும் தனித்தனியாக எழுதிக் கடைசியில் ஐந்தொகை நேராகிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா, ஒரு பக்கத் தொகை மட்டும் பிசகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். புரோகிராமிலும் அப்படி ஒரு சரிபார்ப்பை நீங்களே எழுதி வைக்க முடியும். பத்துக்குப் பத்து அடி அறைக்கு, பத்து அங்குலக் கல்லாக, 144 வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதை அசெர்ட் என்ற ஒரு சொல்லோடு எழுதி வைத்தால் பின்னால் எதையாவது மாற்றி அந்த விடை கெட்டுப்போகும்போது பைத்தான் உடனே நின்று கத்தும். நீளம் பூஜ்யம், ஒரே ஒரு கல் பிடிக்கிற இடம், கல்லைவிடச் சின்ன இடம் என்று ஓரத்தில் உள்ள கணக்குகளையும் போட்டு வையுங்கள், தப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கம்பெனிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் (தொழில் செய்யப்) போன காலத்திலிருந்து நம் ஊரில் பெட்டியடிப் பையனாக (கடையில் வேலை பழகுகிற பையனாக) போய்க் கணக்குப் பழகினவர்கள் எத்தனையோ பேர், சரிபார்க்காத கணக்கைக் கணக்கு என்றே சொல்லக் கூடாது என்கிற எண்ணம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

பிழைச் செய்தி வரும்போது பலர் பயந்துபோய் மூடிவிடுகிறார்கள். சிவப்பில் பத்து வரி வந்தாலும் கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன பிழை என்று அதில்தான் இருக்கும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். அந்த வரியில் ஒரு தப்பும் தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள், மூடாத அடைப்புக்குறி அங்கே இருக்கலாம். 2021ல் வந்த 3.10 பதிப்பிலிருந்து இந்தச் செய்திகள் மிகவும் தெளிவாகிவிட்டன, எந்தக் குறியை மூடவில்லை என்றே சொல்லிவிடும், அதனால் புதிய பதிப்பையே நிறுவுங்கள். ஆரம்பத்தில் வருகிற பிழைகள் ஏழெட்டு வகைதான். ஒவ்வொன்றையும் வந்த அன்றே ஒரு நோட்டில் எழுதி, எதனால் வந்தது என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். ஒரு மாதத்தில் புதிதாக எழுத ஒன்றும் இருக்காது.

எங்கே படிப்பது என்றால், காசு கொடுக்க வேண்டிய தேவை இப்போதைக்கு இல்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் சின்னச் சின்னப் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ்க் குரல் இருக்கிறது, முதலில் அதைக் கேட்டால் திரையில் நடப்பது பிடிபடும். கணியம் அறக்கட்டளை தமிழில் மென்பொருள் பற்றிய மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. கொஞ்சம் நிதானம் வந்த பிறகு ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல் போங்கள், சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்திய பைத்தான் பாடம் அங்கே இருக்கிறது. இங்கிலீஷ்தான், ஆனால் தெளிவான, அவசரப்படாத இங்கிலீஷ். பாடம் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம். ஹார்வர்டின் சிஎஸ்50ம் இலவசம்தான், டேவிட் மாலன் நடத்துவது, மிக நல்ல வாத்தியார். ஆனால் அது சி மொழி வழியாகப் போகும், வேகமும் அதிகம், நான்கைந்து மாதம் கழித்துப் பார்த்தால் இன்னும் ருசிக்கும். இத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றைப் பிடித்து முடியுங்கள். வீடியோ ஓடும் நேரத்தைவிடக் கீபோர்டில் கை இருக்கும் நேரம் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

கோர்ஸுக்குப் பணம் கட்டுவதைப் பற்றி என் கருத்து, கட்டுவதே தப்பு என்று இல்லை. ஆனால் மூன்று மாதம் தனியாக எழுதிப் பார்த்த பிறகு கட்டுங்கள். அதற்குள் உங்களுக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும், சொல்லித்தருகிறவருக்குத் தெரிகிறதா என்றும் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவீர்கள். வேலை நிச்சயம் என்று சொல்லிப் பணம் வாங்குகிற இடம் எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

ஏ.ஐ. கேள்விக்கு வருகிறேன், இதைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மேலே சொன்ன பட்டாலைக் கணக்கைச் சாட்ஜிபிடியிடம் கேளுங்கள். நொடியில் புரோகிராம் எழுதித் தரும், ஓடவும் ஓடும். 265 என்று வரலாம், 285 என்றும் வரலாம். பூ டிசைனா, பார்டர் உண்டா என்று நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரிய வழியில்லை, சொல்ல வேண்டும் என்று தெரிவதற்கே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வந்த விடை சரியா என்று பார்க்க அந்தப் பத்து வரியைப் படிக்கவும் தெரிய வேண்டும். எழுதுகிற வேலை குறைந்திருக்கிறது, உண்மை. சரிபார்க்கிற வேலை கூடியிருக்கிறது, அது யார் தலையில் விழும் என்றால், கணக்கும் தெரிந்து புரோகிராமும் படிக்கத் தெரிந்தவர் தலையில்தான். அந்த ஆளாக நீங்கள் ஆக முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கற்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்றால், முதல் மூன்று மாதம் எழுதித் தா என்று கேட்காதீர்கள். விளக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம், நான் எழுதிய இந்த வரி ஏன் இப்படி நடக்கிறது, இதே பாடத்தில் எனக்கு ஐந்து பயிற்சி கொடு, விடையைச் சொல்லாதே என்று தமிழிலேயே கேட்கலாம், பதில் தரும். ராத்திரி பதினோரு மணிக்குப் பள்ளத்தூரில் கேள்வி கேட்க ஆள் கிடைப்பது பெரிய விஷயம், நான் கற்ற காலத்தில் அது இல்லை. ஆனால் அது தந்ததை வெட்டி ஒட்டினால் வீடியோ பார்த்து அடித்தவர்களின் கதைதான் திரும்பவும் நடக்கும்.

தினமும் ஒரு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் உட்கார்வதைவிட அது மேல், நடுவில் தூங்கி எழுந்தால் நேற்றுப் புரியாதது இன்று புரியும். இந்த வேகத்தில் இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் வேலைக்கு உதவுகிற சின்னப் புரோகிராம்களை எழுதுவீர்கள். வேலை தேடுகிற அளவுக்கு வர ஒரு வருடம் ஒன்றரை வருடம் ஆகும், மூன்று மாதத்தில் ஆகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வட்டியும் கல்லும் முடிந்த பிறகு மூன்றாவதாக எதை எடுப்பது என்றால், பலகார ஆர்டர் நோட்டு எடுங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் தெருவில் ஒரு ஆச்சி போடுவார்கள், கேட்டால் கொடுப்பார்கள். யார், என்ன பலகாரம், எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு. இதை எக்செலில் ஏற்றிச் சிஎஸ்வியாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து, தீபாவளிக்கு முந்தின வாரம் தேன்குழல் மொத்தம் எத்தனை கிலோ, அதிரசம் எத்தனை கிலோ என்று பைத்தானில் கூட்டுங்கள். லிஸ்ட் (பட்டியல்), டிக்ஷனரி (பெயருக்கு எதிரே ஒரு மதிப்பு), கோப்பு படிப்பது மூன்றும் இதில் வந்துவிடும். ஓட்டிப் பார்த்தால் மொத்தம் இடிக்கும். ஏன் என்று தேடினால் ஒரு இடத்தில் மனகோலம், ஒரு இடத்தில் மணகோலம், இன்னொரு இடத்தில் மனோலம் என்று எழுதியிருப்பார்கள், பைத்தானுக்கு அது மூன்று வேறு பலகாரம். ஒரு பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருக்கும், அதுவும் வேறு பலகாரம். டேட்டா வேலையில் இருக்கிறவர்கள் பாதி நாளை இதைச் சீர்செய்வதிலேயே கழிக்கிறார்கள், ஆச்சியின் நோட்டிலேயே நீங்கள் அதைப் பழகிவிடலாம்.

தமிழ் எழுத்தோடு வேலை செய்யும்போது இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காரைக்குடி என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 10 என்று சொல்லும், நமக்கு அது ஐந்து எழுத்து. கா என்பதை க ஒன்று, கால் ஒன்று என்று அது தனித்தனியாக எண்ணுகிறது, கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடு முறை அப்படித்தான் வைத்திருக்கிறது. நம் எழுத்தாக எண்ண வேண்டும் என்றால் ஓப்பன் தமிழ் என்ற இலவச நூலகம் (எடுத்துப் பயன்படுத்தத் தயாராக உள்ள புரோகிராம் தொகுப்பு) இருக்கிறது. பெயர்களை அகர வரிசைப்படுத்தினாலும் கவனம், யூனிகோடு வரிசையில் ன என்ற எழுத்து ந பக்கத்தில் இருக்கிறது, ழவும் ளவும் வக்கு முன்னால் வந்துவிடுகின்றன. அப்படியே விட்டால் வாடிக்கையாளர் பட்டியல் நம் அகராதி வரிசையில் இருக்காது.

வேலை வாய்ப்பு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியல் கல்லூரி இருக்கிறது, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசையாக இல்லை. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும்தான் போகிறார்கள். நீங்கள் உடனே அவர்களோடு ஓட வேண்டியதில்லை. இருக்கிற வேலையிலேயே தொடங்குங்கள். பேங்க் ஸ்டேட்மெண்டையும் டாலியிலிருந்து எடுத்த பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதோடு சேரவில்லை என்று மாதக் கடைசியில் விரலால் தேடுகிறீர்கள் அல்லவா, அதைச் செய்கிற ஒரு புரோகிராம் எழுதுங்கள். ஒரே தொகை இரண்டு தடவை வந்தால் என்ன செய்வது, செக் போட்ட தேதிக்கும் பேங்கில் ஏறிய தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் விடுவது என்று அதற்குள் நல்ல கேள்விகள் நிறைய இருக்கின்றன. ஒரு வருடம் கழித்து நேர்முகத்துக்குப் போனால் சான்றிதழைவிட இது பேசும். கணக்குத் தெரிந்து புரோகிராமும் எழுதத் தெரிந்த ஆளை ஆடிட்டர் அலுவலகங்களும் தேடுகின்றன.

அதைத் தொடங்குகிற அன்று இரண்டு காரியம் மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். பட்டறையின் அசல் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள், நகல் எடுத்து அதில் ஓட்டுங்கள், உங்கள் புரோகிராம் முதல் மாதத்தில் எதையாவது அழித்தாலும் அழிக்கும். இன்னொன்று, வாடிக்கையாளர் பெயரும் பேங்க் கணக்கு எண்ணும் உள்ள கோப்பை எந்த ஏ.ஐ. செயலியிலும் ஏற்றாதீர்கள். சந்தேகம் கேட்க வேண்டுமானால் பெயரையும் எண்ணையும் மாற்றி ஐந்து வரி மாதிரிக் கோப்பு ஒன்று நீங்களே செய்து அதை வைத்துக் கேளுங்கள்.